அரை சதவீதத் தங்கமும் இருபது சதவீத எத்தனாலும்

காலை நடைக்கு வரும் எங்கள் ஓய்வூதியர் கோஷ்டியில் இரண்டு மாதமாக வேறு பேச்சே கிடையாது. சர்க்கரை, முட்டி வலி, அகவிலைப்படி எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. "பெட்ரோல்ல சாராயம் கலக்கிறாங்களாமே, வண்டி கெட்டுப் போயிடுமாமே" என்பதுதான் பேச்சு. ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டி எஞ்சினே உருகிவிடும் என்கிறார். இன்னொருவர், எல்லாம் எண்ணெய் இறக்குமதிக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி என்கிறார். "நீங்கதான் சப்ளை ஆபீஸ்ல இருந்தவராச்சே, நீங்க சொல்லுங்க சார்" என்று என் பக்கம் திரும்புகிறார்கள். நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. கலந்ததைத் தெளிவாகச் சொல்லாமல், கலக்காததின் விலைக்கு, வேறு வழியே வைக்காமல் விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பெட்ரோலில் கலப்படம் என்றால் மண்ணெண்ணெய்தான். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள், கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று. அதிகாரி ஜீப்பில் திடீரென்று ஏதாவது ஒரு பங்க்குக்குக் கிளம்புவார். மகஜர் எழுத நானும் கூடப் போவேன். வடிதாளில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டு, கறை தங்காமல் ஆவியாகிறதா என்று பார்ப்போம். கண்ணாடி ஜாடியில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்போம். அதை 15 டிகிரி வெப்பத்துக்கு மாற்றிக் கணக்கிட்டால், பங்க் பதிவேட்டில் இருக்கிற எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மில்லி லிட்டருக்கு 0.003 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாதிரி எடுத்து, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 1955ஆம் வருடத்து அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், பிரிவு 6ஏ, பறிமுதல் நடவடிக்கை. இந்த வார்த்தைகளை எத்தனை கோப்புகளில் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

அந்தக் கோப்புகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான். வாங்குகிறவன் எதற்குக் காசு கொடுத்தானோ அதுதான் அவன் டேங்கில் விழ வேண்டும். இன்றைக்கும் நீங்கள் எந்த பங்க்கிலும் வடிதாள் கேட்கலாம், ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். கேட்டுப் பாருங்கள், பைப் பிடிக்கிற பையன் உங்களை ஏற இறங்கப் பார்ப்பான். ஆனால் வடிதாளுக்கு எத்தனால் பிடிபடாது. அதுவும் கறையில்லாமல் பறந்துவிடும்.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு மெக்கானிக், அளவுக் கண்ணாடிக் குழாயில் பெட்ரோலோடு கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் காட்டினார். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர்மேல்தான் பாசம் அதிகம். பெட்ரோலை விட்டுவிட்டு அது தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கியது. கீழே ஊற்றிய தண்ணீர் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயர்ந்துவிட்டது. "இவ்ளோதான் சார், மேஜிக் இல்ல" என்றார். வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், நெருப்பு விஷயம்.

எத்தனால் என்பது சாராயமேதான். டாஸ்மாக் பாட்டிலில் இருக்கிற அதே சரக்கு, தண்ணீரையெல்லாம் நீக்கி 99.5 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக்கியது. ஒரு லிட்டர் எத்தனாலை எரித்தால் கிடைக்கும் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மீதியைக் குமாஸ்தா கணக்காகப் போடலாம். 100 பங்கில் 20 பங்கு எத்தனால், அந்த 20இல் மூன்றில் ஒன்று நஷ்டம். ஆக, கலப்பில்லாத பெட்ரோலோடு பார்த்தால் 100க்கு ஆறு ஏழு குறைகிறது. இதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம், வாய்ப்பாடு போதும்.

எத்தனாலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் ஆக்டேன் எண் சுமார் 108, பெட்ரோலைவிட நிறைய அதிகம். அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி வடிவமைத்த எஞ்சினில் இந்த நஷ்டத்தில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் நம் மாவட்டத்திலேயே தயாராகி வெளியே வரும் வண்டிகள் 20 சதவீதத்தைத் தாங்கும் பொருட்களால் செய்யப்பட்டவை. அவற்றை வாங்கியவர்கள் கவலைப்பட வேண்டாம். எஞ்சின் உருகும் என்ற வீடியோவையும் அழித்துவிடலாம். கேள்வி மற்ற வண்டிகளைப் பற்றியது.

இது நான் கிளப்புகிற கேள்வியில்லை. 2021 ஜூனில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 20 சதவீதம் போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும். அதே மாதிரி இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4. பத்துக்கே வடிவமைத்து இருபதுக்குச் சரிசெய்த கார்களில் 1 அல்லது 2. இழப்பை ஈடுகட்ட வரிச் சலுகை தரலாம் என்றும் அந்த அறிக்கை சொன்னது. சதவீதம் பங்க்குக்கு வந்துவிட்டது, சலுகை கோப்பிலேயே தங்கிவிட்டது. கோப்புகள் எப்படித் தங்கும் என்பது எனக்குத் தெரியும்.

வந்த வேகத்தைப் பாருங்கள். 2003இல் 9 மாநிலங்களில் 5 சதவீதம் என்று ஆரம்பித்தார்கள். அப்புறம் பதினைந்து வருடம் நத்தை நடை. 2018 கொள்கையில் 20 சதவீதத்துக்கு இலக்கு 2030. அதை 2025க்கு முன்னே இழுத்தார்கள். 2022 ஜூனில் 10 சதவீதம், 2023 பிப்ரவரியில் இ20 விற்பனை தொடக்கம், 2025இல் எங்கு போனாலும் அதுவே. ஐந்து வருடத்தை மிச்சம் பிடித்தது அரசாங்கத்துக்குச் சாதனைதான். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகள் தானாகவே கழிந்துபோயிருக்கும். அந்த அவகாசத்தை யாரிடமிருந்து மிச்சம் பிடித்தார்கள்?

என் கதையைச் சொல்கிறேன். 2009இல் ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கிய சின்ன கார். கம்பெனி பெயர் எதற்கு? அதோடு வந்த கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறது. 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, தகுதிச் சான்று வாங்கி, பசுமை வரி கட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருடத்துக்குப் புதுப்பித்தேன். அதாவது 2029 வரை இந்த வண்டி சாலையில் ஓடலாம் என்று அரசாங்கமே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்கு ஏற்ற பெட்ரோல் மட்டும் ஊரில் எந்த பங்க்கிலும் கிடையாது. ஒரு கை அனுமதி கொடுக்கிறது, இன்னொரு கை குழாயை மூடுகிறது.

நான் டேங்க் நிரப்பும்போதெல்லாம் நோட்டில் எழுதுகிறவன். லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கொடுத்த வண்டி, இந்த வருடம் 15ஐத் தாண்டுவதே பெரும்பாடு. இதை வைத்து எதையும் நிரூபித்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். வண்டிக்கும் வயதாகிறது, எனக்கும் வயதாகிறது, கீழம்பி பக்கம் சாலையும் சொல்லும்படியாக இல்லை. ஆனால் கணக்கு நிதி ஆயோக் சொன்ன பக்கமே சாய்கிறது.

எனக்காவது ஓய்வூதியம் வருகிறது. எங்கள் தெருக்கோடியில் ஒரு நெசவாளர், பழைய மொபெட்டில்தான் சங்கத்துக்குப் போய்ப் பட்டும் ஜரிகையும் வாங்கி வருவார், நெய்த புடவையைக் கொண்டுபோய்ப் போடுவார். அது கார்புரேட்டர் வண்டி. புது வண்டியில் புகையைச் சோதித்து எரிபொருள் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் சென்சார் இருக்கிறது, கார்புரேட்டருக்கு அந்த மூளை கிடையாது. மாதம் 12 லிட்டர் போட்டால் 1,200 ரூபாய்க்கு மேல். அதில் 3 அல்லது 4 சதவீதம் 40, 50 ரூபாய். பெரிய தொகையா என்று கேட்பவர்கள், ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஏறி, தறி நிற்கிற மாதத்தில் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்கள் மாற்ற வேண்டி வரலாம், செலவு அதிகமில்லை என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் சொன்னது. இருக்கட்டும். அதிகமா இல்லையா என்பதைக் கொடுக்கிறவன் அல்லவா சொல்ல வேண்டும்?

எதிர்த்தரப்பை ஒதுக்கிவிட முடியாது. கரும்பு வெட்டி அனுப்பிவிட்டு, ஆலைப் பணத்துக்காக மாதக்கணக்கில் நடந்த விவசாயிகளை நான் பார்த்திருக்கிறேன். எத்தனால் வந்தபின் ஆலைகளுக்குக் கையில் காசு புரள்கிறது, அது விவசாயிக்கும் போகிறது. 2014இலிருந்து கணக்கிட்டால் 1.44 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் அந்நியச் செலாவணி மிச்சம் என்று அரசாங்கம் சொல்கிறது. கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பியிருக்கும் தேசத்துக்கு அது சிறிய விஷயமில்லை.

இந்த யோசனை புதிதும் இல்லை. நான் சிறுவயதில் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பது இங்கே வருகிறவர்களுக்குத் தெரியும். வட பிரான்சில் சர்க்கரைக்காகப் பயிரிடும் பீட் கிழங்கு வயல்களைப் பற்றி மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன், பக்கத்துக் கிராமத்துக் கரும்பைப் பற்றி ஒரு வரி தெரியாது. அந்தப் படிப்பு அப்படி. அந்த பீட் கிழங்கிலும் தெற்கே திராட்சை மதுவிலும் எடுத்த சாராயம் விற்காமல் தேங்கியபோது, 1923 பிப்ரவரியில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. பெட்ரோல் இறக்குமதி செய்கிறவர்கள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அரசிடமிருந்து சாராயம் வாங்கியே தீர வேண்டும். அந்தக் கலவைக்கு வைத்த பெயர் 'கார்பியுரான் நாசியோனால்', தேசிய எரிபொருள். பெயரில் தேசம், உள்ளே விவசாயியின் உபரி. நம்மிடமும் சுதந்திரம் வந்த மறுவருடமே, 1948இல், பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்று வந்தது. 2000இல் அதை ரத்து செய்துவிட்டு, மூன்றே வருடத்தில் மறுபடி கலக்க ஆரம்பித்தோம். ஆகவே உபரிக்கு வழிதேடுவதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் உபரி என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. இப்போது எத்தனாலுக்கு முதல் மூலப்பொருள் கரும்பு இல்லை, மக்காச்சோளம். 2023 டிசம்பரில் சர்க்கரை போதாது என்று கரும்புச் சாற்றில் எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள், சுமை சோளத்தின் மேல் விழுந்தது. விலை ஏறியது, நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலையைச் சொல்லி அலறினார்கள். வெளிநாட்டுக்குச் சோளம் விற்றுக்கொண்டிருந்த நாடு 2024இல் வாங்கும் நாடாகியது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய் சோளம் இறக்குமதி. அதோடு இந்திய உணவுக் கழகத்தின் அரிசி. 2024-25 எத்தனால் ஆண்டுக்கு மட்டும் 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 காசு. ஒரு கிலோ அரிசி போட்டால் அரை லிட்டர்கூட வராது. வழங்கல் அலுவலகத்தில் அரிசி மூட்டையின் சிதறலுக்கும் கணக்கு எழுதியவன் நான். 1960களின் நடுவில் இந்த மாகாணத்தில் அரிசிக்காக ஜனங்கள் நின்ற வரிசையைப் பார்த்த தலைமுறை நாம். ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதிக்கு ஒரு தேர்தலே திரும்பியது. கிடங்கில் மிஞ்சிய அரிசி மக்கிப்போவதைவிட எரிவது மேல் என்கிறார்கள். அந்த வாதம் புத்திக்குப் புரிகிறது, மனசுக்கு ஏறவில்லை.

சரி, விற்கிற விதத்துக்கு வருகிறேன். 2019இல் தங்கை மகன் வீட்டுக்குப் பாரீஸ் பக்கம் போயிருந்தேன். காருக்கு எஸான்ஸ் போட நிறுத்தினான். பெட்ரோலுக்கு அங்கே அதுதான் பெயர். பம்பில் வட்டத்துக்குள் இ5, இ10, இ85 என்று குறி போட்டிருந்தது, டீசலுக்குச் சதுரம். புது வண்டிகளின் டேங்க் மூடியிலும் அதே குறி. இ10 லிட்டருக்குச் சில சென்ட் மலிவு. எத்தனால் மிகுந்த இ85 ஏறத்தாழப் பாதி விலை. "பழைய வண்டி வச்சிருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். "இ5 பைப்பை எடுப்பாங்க மாமா, அவ்வளவுதான்" என்றான். 2009இல் அங்கே இ10 வந்தபோதே எந்த வண்டிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பட்டியல் போட்டார்கள். பத்து சதவீதத்துக்கே இந்த ஏற்பாடு.

பிரேசிலைப் பாருங்கள், அங்கே 30 சதவீதம் என்று நம் ஆட்கள் சொல்வார்கள். உண்மை, 2025 ஆகஸ்டிலிருந்து 30. சாதாரண பெட்ரோல் அங்கேயும் கலப்பில்லாமல் கிடைக்காது. ஆனால் அவர்கள் இதை 1975இல் ஆரம்பித்தவர்கள், வண்டிகளும் அதற்கென்றே செய்யப்பட்டு ஐம்பது வருடம் ஆகப்போகிறது. 2003இலிருந்து எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் வேறு. பங்க் பலகையில் பெட்ரோல் விலையும் எத்தனால் விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அங்கே டிரைவர் எத்தனாலை வாங்குவான், இல்லாவிட்டால் சீந்த மாட்டான். சக்தி குறைந்த சரக்குக்கு விலையும் குறைய வேண்டும் என்பது அங்கே சாமானியனுக்கும் தெரிந்த கணக்கு.

இங்கே விலையைக் குறைக்க முடியாததற்கு அமைச்சகம் காரணம் சொல்கிறது. எத்தனாலை வாங்கும் விலையே போக்குவரத்தும் வரியும் சேர்த்து லிட்டர் 71 ரூபாய் 32 காசு, சுத்திகரித்த பெட்ரோலின் அடக்க விலையைவிட அதிகம் என்று. இருக்கலாம். பங்க்கில் நாம் கொடுக்கும் நூறு ரூபாய் சொச்சத்தில் பெரும் பங்கு வரிதானே? சலுகையை வரியில் தரச் சொல்லித்தானே நிதி ஆயோக் எழுதியது?

கலப்பில்லாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், பங்க்கில் எத்தனால் அளவைத் தெளிவாக எழுத வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. எவ்வளவு கலப்பது என்பது கொள்கை முடிவு, அதில் நீதிமன்றம் தலையிடாதது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் கலந்த அளவைப் பெரிய எழுத்தில் எழுதுவது என்ன கொள்கை? அது தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி எடையளவு விஷயம். சில பங்க்குகளில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். நான் பெட்ரோல் போடும் இடத்தில் அதைப் படிக்க வண்டியை விட்டு இறங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, குனிய வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்குக் கலப்பு என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பட்டு ஜரிகையில் தங்கம் எவ்வளவு? தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் சங்கங்களுக்குக் கொடுக்கும் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம், மீதி தாமிரமும் பட்டும். அந்த அரை சதவீதத் தங்கத்துக்குக் கணக்கு உண்டு, சோதனை உண்டு, இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணாகவே வந்துவிடும். பக்கத்துக் கடையில் டெஸ்டட் ஜரிகை போட்ட புடவையும் விற்கிறது, அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஜரிகையும் விற்கிறது. அதை விற்கிறவன் குற்றவாளி இல்லை. இது டெஸ்டட் என்று சொல்லி, டெஸ்டட் விலைக்குக் கொடுத்தால் நாணயமான வியாபாரி. அதையே அசல் ஜரிகை என்று அசல் விலைக்குக் கொடுத்தால்தான், ராஜ வீதி முழுக்க அவன் பெயர் நாறும். பெண் கல்யாணத்துக்கு அரை சதவீதத்தை உரசிப் பார்த்து வாங்குகிற ஊரில், டேங்கில் விழுகிற இருபது சதவீதத்தைப் பற்றிக் கேட்டால் "எல்லா இடத்துலயும் இதான் சார்" என்று பதில் வருகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. பலகை எழுதுங்கள். குறைந்த சக்திக்கு ஏற்ப வரியில் இரண்டு மூன்று ரூபாயாவது விட்டுக்கொடுங்கள். பழைய வண்டிகள் கழியும் வரை, ஊருக்கு ஒரு பங்க்கிலாவது 10 சதவீதக் குழாய் ஒன்று இருக்கட்டும்.

அதுவரை நம் வயதுக்காரர்களுக்குச் சில யோசனைகள். பேரனைப் பார்க்க அமெரிக்கா போய் ஆறு மாதம் உட்காருகிறவர்கள் டேங்கை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். காலி இடத்தில் ஈரக் காற்று தங்கும், எத்தனால் அந்த ஈரத்தை இழுக்கும். அளவு மீறித் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் இறங்கும், எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். யாரையாவது மாதம் இருமுறை வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். மழைக்கு முன் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பெட்ரோல் வாடை வீசினால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே குழாயைக் காட்டுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. வரும் மாதம் முதல் தேதியிலிருந்து, டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, லிட்டர், மீட்டரில் உள்ள கிலோமீட்டர் மூன்றையும் எழுதி வையுங்கள். வண்டி எந்த வருடத்தது, கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். 2023க்குப் பிறகு வாங்கிய வண்டிக்காரர்களும் அனுப்ப வேண்டும், அவர்களுக்கு ஒன்றும் குறையவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதுவேன். மூன்று மாதம் கழித்து எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டு வருவேன்.